உபயோகத்தில் உள்ளது

விர்ரென்று இரைந்துகொண்டிருந்த கம்ப்யூட்டர் விசிறி, யாரோ விரலை விட்டுப் பிடித்ததுபோல் சட்டென்று நின்றது.

அடுப்படியில் டீக்குத் தண்ணீர் வைக்கப்போன வேல்விழி அப்படியே நின்றாள். தெருவில் விசைத்தறிகள் எப்போதும்போல் கடகடத்துக்கொண்டிருந்தன. மூன்றரை மணி வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகக் கிடத்தியிருந்தது. எல்லாம் இருந்தபடியே இருக்க, வீட்டுக்குள் ஒரு சத்தம் மட்டும் குறைந்திருந்தது.

அந்தச் சத்தத்துக்காக இரண்டு நாள் பாடுபட்டிருந்தாள். தம்பி அருண்பாண்டியன் போய்ச் சேர்ந்து பத்து மாதம். தசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் நோய். கடைசி ஆறு வருடம் சக்கர நாற்காலி. அந்த நோய்க்கு மருந்து தேடுகிறவர்களின் கணக்குகளைப் போட்டுக்கொடுக்க, ஊர் ஊராக ஆட்கள் தங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை இரவல் தரும் திட்டத்தில் அவனும் சேர்ந்திருந்தான். அவனோடு சேர்ந்து, அந்தக் கணக்குகளைப் போட்ட அவனுடைய கிராபிக்ஸ் கார்டும் செத்தது. வேல்விழியும் அதை மறந்துவிட்டாள், போன வாரம் மகள் ஆவுடை மாடிப்படியில் மூன்று தடவை கால் மடங்கி விழும்வரை.

பிள்ளையின் ரத்தம் பரிசோதனைக்கு மதுரை போயிருந்தது. முடிவு திங்கட்கிழமை. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவள் முழங்காலில் பூசினாள் வேல்விழி. வெள்ளியில் கால் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். கையோடு கடையநல்லூர் போய், மைதீன் பாட்சா கடையில் பழைய கார்டு ஒன்றையும் வாங்கிவந்தாள்.

“லினக்ஸா? அதுக்கும் சேத்து உங்க கோமதியம்மனுக்கே நேந்துக்கிடுங்கக்கா,” என்று சிரித்தபடிதான் பாட்சா எடுத்துக்கொடுத்தார்.

அவர் சிரித்ததில் தப்பில்லை; தம்பி போட்டுவைத்த லினக்ஸில் எந்தக் கார்டும் லேசில் ஓடாது. கார்டை இயக்கும் டிரைவரை ஏற்றிய பிறகும் கார்டே இல்லை என்று சாதித்தது கம்ப்யூட்டர். காரணம் இன்று காலைதான் பிடிபட்டது. அந்தக் கணக்கு வேலை இன்னும் தம்பியின் பெயரில்தான் ஓடுகிறது. இப்போது மாட்டிய கார்டைத் தொட அந்தப் பெயருக்கு அனுமதி இல்லை. தன் பெயருக்கு மாற்றியிருக்கலாம். அவன் பெயரை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அருணுக்கு அனுமதி என்று ஒரு வரி தட்டினாள். உடனே விசிறி சுற்றியது.

இப்போது நின்றுவிட்டது.

அறைக்குப் போய்ப் பார்த்தாள். கட்டிலில் ஆவுடை சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். மேஜை தம்பியின் சக்கர நாற்காலிக்கென்று உயரம் பார்த்துச் செய்தது. வேறு நாற்காலி அதற்குச் சேராது என்பதால் அதுவே இன்னும் அங்கே கிடந்தது. வேல்விழி அதில் உட்காருவதில்லை. குனிந்து நின்றுதான் தட்டுவாள். திரையில் ஒரு வரி.

கணக்கு நிறுத்தப்பட்டது. கம்ப்யூட்டர் உபயோகத்தில் உள்ளது.

அது தம்பி செய்துவைத்த ஏற்பாடு. ஆள் தொட்டால் கார்டு ஓய்வெடுக்கும், விசிறி நின்றுவிடும். கையை எடுத்து மூன்று நிமிடம் ஆனால்தான் மறுபடி சுற்றும். மவுஸ் எப்படியோ நகர்ந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மவுஸையும் கீபோர்டையும் உருவி எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நிமிடம். தைல வாசனை வந்தது. தம்பியின் கால்களுக்கு அவள் தினமும் தேய்த்த தைலம். ஐந்து நிமிடம். வரி மாறவில்லை.

பிள்ளை விழித்துவிடக் கூடாதென்று அடுப்படிக்கு வந்து பாட்சாவுக்குப் போன் போட்டாள். அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டால் ஆள் இருக்கும்போதும் ஓடும் என்றார் அவர். ஆளே இல்லையே என்றாள்.

“பொறவு யாருக்கா அங்கன தட்டுதது? ஒத்த விரல்ல டைப் பண்ணுத மாதிரில்லா கேக்கு.”

வேல்விழி குனிந்து பார்த்தாள். கீபோர்டு அவள் கக்கத்தில் இருந்தது.

அருணுக்குக் கடைசிவரை அசைந்தது ஒரே ஒரு விரல்.

நாலு மணி. தறிக்காரர்கள் டீ குடிக்கிற நேரம். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அப்போது அவளுக்கும் கேட்டது. டக். டக். வெகுநேரம் கழித்து, டக்.

பிறகு அதுவும் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

கீபோர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே சக்கர நாற்காலியின் ரெக்சின் இருக்கை ஒரு பெருமூச்சு விட்டது. பாரம் நீங்கும்போது அது விடும் பெருமூச்சு. ஆறு வருடம் அவனை அதிலிருந்து தூக்கியவள் அவள்தான். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும்.

இப்போது யாரும் தூக்கவில்லை.

தரையில் ஒரு காலடி. இன்னொன்று. கட்டில் கிறீச்சிட்டது.

விர்ர்ர்.

விசிறி சுற்றத் தொடங்கியது. அப்படியென்றால் கையை எடுத்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது.

அறைக்குள்ளிருந்து ஆவுடையின் குரல் வந்தது, பாதித் தூக்கத்தில்.

“யம்மா, மாமா எந்திரிச்சிட்டாவ. என்னைய அந்தச் சேர்ல உக்காரச் சொல்லுதாவ.”