காற்றுப் பிடித்த எஞ்சின்

உழவுக்குப் பின்னால் ஒரு கொக்குகூட வரவில்லை. கரிசலைப் புரட்டினால் புழு பொறுக்க எங்கிருந்தாவது வந்து சேரும் பறவைகள், அன்று பக்கத்துப் புஞ்சையின் வரப்பில் வரிசையாக நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. சங்கிலிமுத்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். புரண்ட மண்ணில் பச்சை வாடை இல்லை. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த வெடிமருந்தின் நெடி, கந்தகமும் கரியும் கலந்து, கொழுமுனை கீறக் கீற மேலேறி வந்து தொண்டையில் ஒட்டியது. நாலாவது சுற்றில் எஞ்சின் இருமியது. இழுத்தது. நின்றுவிட்டது.

டேங்கு காய்ந்து கிடந்தது.

டிராக்டர் ஓட்டத் தொடங்கிய ஆறு வருஷத்தில் அவன் டீசல் தீரும்வரை ஓட்டியதே கிடையாது. அன்று காலை டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. அவன் உழுதுகொண்டிருந்த இரண்டு ஏக்கரில்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு வரை பட்டாசுக் கம்பெனியின் மருந்துக் கொட்டகைகள் நின்றன. அந்த வருஷம் தீபாவளிச் சீசனில் ஒரு கொட்டகை வெடித்து நாலு பெண்கள் செத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தி அவன் மனைவி குருவம்மாள். கம்பெனி இடத்தைக் காலி செய்த பிறகு, டிராக்டரின் சொந்தக்காரரான பெத்தணன் அதைப் பருத்தி போடுவதற்காக வாங்கினார்.

"உனக்கு அந்த வேல வேண்டாம்ப்பா. காரியாபட்டியில இருந்து வேற டிரைவரக் கூப்பிட்டுக்கிடுறேன்" என்று அவர்தான் சொன்னார்.

"வேண்டாம் மொதலாளி. எவனோ ஒருத்தன் பாட்டுப் பாடிக்கிட்டு அங்கன உழுறத என்னால தாங்க முடியாது. நானே உழுதுடுறேன்."

கேனில் கொண்டுவந்திருந்த டீசலை ஊற்றினான். ஊற்றினால் மட்டும் எஞ்சின் கிளம்பாது. காலியான குழாய்களில் காற்று புகுந்திருக்கும். அதை வெளியேற்றினால்தான் எண்ணெய் எஞ்சினுக்குப் போய்ச் சேரும். ஃபில்டரின் மேல் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, பம்பின் சின்னக் கைப்பிடியை அமுக்கத் தொடங்கினான். நுரை வந்தது. இருபது அமுக்கில் அடங்க வேண்டிய நுரை, நூறைத் தாண்டியும் அடங்கவில்லை. ஒவ்வொரு குமிழியும் உடையும்போது மெல்லிய சத்தம் கேட்டது, நெடுநேரம் மூச்சை அடக்கியிருந்த யாரோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதுபோல. கடைசியில் தெளிந்த எண்ணெய் வழிந்தது. போல்ட்டை முறுக்கினான்.

மிச்சமிருந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட்டரை அமுக்க வேண்டும். இன்னொருவர் எஞ்சின் பக்கம் நின்று குழாய் நட்டுகளைத் தளர்த்தி, எண்ணெய் பீறியதும் முறுக்க வேண்டும். ஃபில்டர் கழுவுகிற நாட்களில் அந்த இருக்கையில் குருவம்மாள்தான் உட்காருவாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏதோ பெரிய வண்டியையே ஓட்டப்போகிறவள் மாதிரி, "அமுக்கட்டா?" என்று கேட்பாள்.

சுற்றிலும் பார்த்தான். உச்சி வெயில். ஆள் நடமாட்டம் இல்லை. நட்டுகளைத் தளர்த்தி வைத்துவிட்டு, ரோட்டுக்குப் போய் யாரையாவது கூட்டிவரலாம் என்று நினைத்தான். குனிந்து நாலாவது நட்டைத் தளர்த்தினான்.

எஞ்சின் சுழன்றது.

குழாயிலிருந்து எண்ணெய் பீறி அவன் மணிக்கட்டை நனைத்தது.

"போதும் புள்ள" என்றான், பழக்கத்தில்.

நின்றது.

அவன் தலையை நிமிர்த்தவில்லை. நட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். ஸ்பேனர் வழுக்கியது. இருக்கையின் சுருள்கம்பி முனகிற்று. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள். டிராக்டரின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டு கிடந்தது. அதிலிருந்து விலகி, மண்ணில், தொங்கும் இரண்டு கால்களின் நிழல். ஒன்று நீளம். ஒன்று குட்டை.

ஓடியிருக்கலாம். கால்கள் ஓடத்தான் பார்த்தன. ஆனால் அவளாக இருந்தால்? ஒரு வருஷமாகச் சோற்றுத் தட்டின் முன்னாலும், காலியான பாயிலும் அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே?

"இன்னொரு தடவ" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

எஞ்சின் சுழன்றது. திணறியது. பிடித்துக்கொண்டது.

டிராக்டர் முழுவதும் அதிர, அவன் பானெட்டைத் தடவியபடி ஒவ்வொரு அடியாக நகர்ந்து இருக்கைப் பக்கம் வந்தான். ஸ்டீயரிங்கின் மேல் இருந்த வலக்கையைத்தான் முதலில் பார்த்தான். முழங்கைக்குக் கீழே பச்சை குத்திய தேள். குருவம்மாளுடையது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "குருவு" என்று எட்டிப் பிடிக்கப் போனான்.

பிறகுதான் இடக்கை தெரிந்தது. மெலிந்த கை. சின்னப் பெண்ணின் கை. மருந்துக் கொட்டகையில் குருவம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்து, அவளோடேயே செத்த ஞானஜோதியின் வளையல் அதில் கருகி ஒட்டியிருந்தது. நீண்ட காலில் யாருடைய மெட்டியோ. குட்டைக் காலில் கொலுசு. குருவம்மாள் கொலுசு போட்டதே இல்லை.

கொட்டகை வெடித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நாலு துணி மூட்டைகள் இருந்தன. எது யார் என்று டாக்டருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். சங்கிலிமுத்து தனக்கு வந்ததைப் பிரித்துப் பார்க்காமலே கொண்டுபோய் எரித்தான். பிரித்துப் பார்க்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை.

இருக்கையில் இருந்ததன் முகத்தைப் பார்த்தான்.

ஒரு கண்தான் குருவம்மாளுடையது. அது மட்டும் அழுதுகொண்டிருந்தது.

"ஏங்க..." எஞ்சின் சத்தத்துக்குள்ளிருந்து அவள் குரல், தணிவாக, வீட்டில் பேசுவதுபோல வந்தது. "இதுல எது நானு? பாத்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

பச்சை குத்திய கை ஸ்டீயரிங்கை விட்டு மெல்ல அவனை நோக்கி நீண்டது.

இடக்கை எழுந்து வந்து, அதன் மணிக்கட்டைப் பிடித்து, தன் பக்கம் இழுத்துக்கொண்டது.