வாசல் தூணில் மூன்று துளைகள்

“வயசாகிச் செத்துச்சா? தூணை ஒட்டிப் பல்லைக் கடிச்சுக்கிட்டு விறைச்சுக் கெடக்குதுங்க அந்தப் பூனை! எந்தப் பூனை வயசாகி இப்படிச் சாகும்?”

“கத்தாத லா காமினி. ஆயர் ஈத்தாம் ஊரு பூராக் கேக்குது.”

கேட்கத்தான் செய்தது. மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தச் சாயங்காலம், வரிசையில் இருந்த அத்தனை வீட்டுக்காரிகளுக்கும் துணி காயப்போட வேண்டும் போலத் தோன்றிவிட்டது.

காமினியின் புருஷன் ஷர்வின் பேக்டரியில் டெக்னீஷியன். பதவி உயர்வு கிடைக்க வேண்டும் என்று வாசல் சாமிக்கு நாற்பத்தெட்டு நாள் அணையா விளக்கு நேர்ந்துகொண்டான். எண்ணெயும் திரியும் யார் பார்ப்பது? சிவப்பு பல்ப். அதற்காக வாசல் தூணைத் தானே குடைந்து, வீட்டுக்குள் வைக்கிற சாதாரண பிளக் பாயிண்டை வெளியே பதித்துவிட்டான். வயர்மேன் ஷேக் அலாவுதீன் பார்த்துவிட்டு, “தம்பி, வெளியே வைக்கிறதுக்கு மூடி போட்ட பெட்டி வேணும். இது மழையைக் குடிச்சிரும்,” என்றார். டெக்னீஷியனுக்கே பாடமா?

குடித்தது. மழை வந்தபோதெல்லாம், கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தது, பல்ப் அணைந்தது. நேர்த்தி விளக்கு அணையலாமா? ஷர்வின் ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்துவிட்டான். பிளக்குக்கு மழைக்கோட்டாக, தே தாரிக் டீ கட்டி வந்த பிளாஸ்டிக் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டான். அதற்குப் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் எதுவும் விழவில்லை. காமினிக்குத் தூக்கம் போனது அன்றிலிருந்துதான். தூணின் அடியில் எறும்புகள் வரிசை கலையாமல் செத்துக் கிடந்தன. ஈரக்கையோடு கேட்டைத் தொட்டால் முழங்கை வரை சுரீரென்றது. இப்போது பூனை.

“அடுத்தது நீங்கதான். வந்து வயரைக் கழட்டுங்க!”

“இன்னும் ஒரே நாள்தான். பையை மட்டும் சரிபண்ணிட்டு வரேன்.” வெறுங்காலோடு இறங்கினான்.

மழை கொடிமலைப் பக்கமிருந்து கூரை கூரையாகத் தாவி வந்து ஓட்டின் மேல் கொட்டியது. நனைந்த சிமெண்டு வாசத்துக்கு அடியில் மெல்லிசாக, முடி கருகுகிற மாதிரி ஒரு நெடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அதோடு ஒரு ரீங்காரம், தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டு போல, நிற்காமல். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். எட்டிப் பார்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு, கை பிளக்கின் மேல் இருக்க, தோள் மட்டும் பொடிப்பொடியாக நடுங்க நின்றான்.

தொடக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். ஓடிப்போய் மெயினை இறக்கினாள். அதே நேரத்தில் எங்கோ இடி விழ, வரிசை முழுக்க இருண்டது. தெருவிளக்கும் போயிற்று.

சிவப்பு பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

மெயின் இறங்கிவிட்டது. தெருவிலேயே கரண்ட் இல்லை. ஆனாலும் எரிந்தது. அவள் வாசலுக்கு ஓடினாள்.

“கையைக் கொடு, காமினி.”

அவன் குரல்தான். அவள் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் அவன் முகம் பாதி தெரிந்தது. பல் கிட்டித்திருந்தது. உதடு அசையவில்லை.

“கையைக் கொடு.”

விளக்குமாற்றைத் தலைகீழாகப் பிடித்தாள். காய்ந்த கட்டைப் பிடி. அவன் கையில் ஓங்கி அடித்தாள். ஒரு தரம். இரண்டு தரம். கை பிளக்கையும் பிடுங்கிக்கொண்டு விடுபட்டது. ஷர்வின் சாய்ந்தான். மூச்சு இருந்தது. வாய் மூடியே இருந்தது.

ரீங்காரம் நின்றது. பை கிழிந்து தொங்கியது. பிளக் பாயிண்டில் மூன்று துளைகள். மூன்றிலும் நீர்.

“காமினி,” என்றது தூண். “கையைக் கொடு.”

ஷர்வின் பிழைத்துக்கொண்டான். பேச்சு மட்டும் திரும்பவில்லை. தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்கிறார்கள் டாக்டர்கள். காமினி அவனைக் கூட்டிக்கொண்டு தாசேக் கெலுகோரில் இருக்கும் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே மழை வந்தால் ஜன்னலை அடைத்துவிட்டு, அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். அலாவுதீன் பிளக் பாயிண்டைப் பிடுங்கி, வயரை அறுத்து, துளையைச் சிமெண்டு வைத்து அடைத்தார். அதற்குக் கூலி வேண்டாம் என்றுவிட்டார். மகள் சுஹானாவின் கல்யாணச் செலவு முடிந்ததிலிருந்து, வீட்டுக்கு வெளியே வயர் இழுக்கிற வேலை எதுவும் எடுப்பதில்லை.

வீடு ஆறு மாதம் சும்மா கிடந்தது. போன மாதம் சுங்கை பினாங்கிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடிவந்தது. பெண் பேர் பிரேமா. நல்ல பிள்ளை, எல்லாரையும் அக்கா அக்கா என்று கூப்பிடும். நேற்றுச் சாயங்காலம் தூறல் போட்டபோது வாசல் தூணோரம் நின்று, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டது:

“அக்கா, காமினின்னா யாரு?”

கேட்ட பிரேமாவின் உள்ளங்கை, தூணில் அந்தத் துளையை அடைத்திருந்த நனைந்த சிமெண்டுப் பூச்சின் மேல் பதிந்திருந்தது. அவள் தோள் பொடிப்பொடியாக நடுங்கிக்கொண்டிருந்தது.