ஆறாம் எண் பொத்தான்

2023 ஒக்டோபர் 9ஆம் திகதி பிற்பகல் மூன்று மணிக்கு, கஹவத்தைக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மழைமானி இருநூற்றுப் பன்னிரண்டு மில்லிமீற்றர் காட்டியது.

மூன்றேகாலுக்கு ஆபிஸுக்குச் செய்தி வந்தது: தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஆறாம் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. அங்கிருந்தவர்கள் காலையிலேயே பாடசாலைக்கு இறங்கிவிட்டார்கள். கிளார்க் நிரோஷாவின் தங்கை துஷ்யந்தி மட்டும், காய்ச்சலில் எழ முடியாமல், பின்தங்கியிருந்தாள். ஆபிஸுக்கும் லயத்துக்கும் இடையிலிருந்த பாலத்தை ஓடை கொண்டுபோய்விட்டது. நிரோஷாவின் கைபேசி நனைந்து செத்திருந்தது. தங்கையின் எண்ணும் அதற்குள்தான். மிஞ்சியது ஜெனரேட்டரில் ஓடிய ஆபிஸ் கோட்லெஸ் போன். பழைய கிளார்க் அதில் எண்களைப் பதிந்துவைத்திருந்தார். ஒவ்வொரு லயத்துக்கும் அதன் இலக்கமே பொத்தான். ஆறை அழுத்திப் பிடித்தாள்.

மணி ஒருமுறைகூட முழுதாக அடிக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். தகரக் கூரையில் மழை இரைந்த இரைச்சலுக்கு ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது: அந்தப் பக்கத்தில் மழையே இல்லை. மூடிய அறையின் அமைதி. அதற்குள் பலர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து மெதுவாக மூச்சுவிடும் சத்தம்.

"துஷ்யந்தியா?"

"அவ இன்னும் வரலயே புள்ள," என்றது ஒரு பெண்குரல். "எடம் ஒதுக்கி வச்சிருக்கோம்."

"நீங்க யாரு? அவள வெளிய வரச் சொல்லுங்க! மலை எறங்கப் போகுது!"

"தெரியும் புள்ள."

தொடர்பு அறுந்தது. தலையிலிருந்த ஈரச் சாக்கை உதறியபடி உள்ளே வந்த வாட்சர் அழகமுத்து சிரித்தார்.

"ஆறுக்கா அடிச்சீங்க? அது பழைய லயத்து போன்ம்மா. மண்ணுக்குள்ள கெடக்கு. மண்புழுதான் எடுக்கும்."

2017இல் ஆறாம் லயம் புதைந்தது. பதினொரு பேர், ஒருவரையும் எடுக்க முடியவில்லை. தப்பியவர்களுக்கு ஓடைக்கு அப்பால் ஏழு வீடுகள் கட்டினார்கள். அங்கே குடிபோனவர்கள் லயத்தின் பேரையும் கூடவே கொண்டுபோனார்கள். எல்லோருக்கும் அதுவே ஆறாம் லயமானது. பேர் சரியாக இருந்ததால், பொத்தானுக்குள் இருந்த எண்ணை யாரும் மாற்றவில்லை.

"துஷ்யந்தி நம்பர் தெரியுமாண்ணே?"

"எனக்கு எந் நம்பரே தெரியாதேம்மா. கயித்தக் கட்டி ஓடையில எறங்க முடியுதான்னு பாக்குறேன்." அவர் ஓடினார்.

இரண்டாம் லயத்தில் யாருக்காவது எண் தெரிந்திருக்கும். இரண்டை அழுத்தினாள். மழை இல்லாத அதே அறை. "இன்னும் வரல."

நான்கு. அதே குரல். "கிட்ட வந்துட்டா."

மருந்துச்சாலைக்கு ஒன்பது. ஈரமண் வாடை ரிசீவரின் துளைகளிலிருந்து மூக்கில் ஏறியது. உள்ளே ஒரு குழந்தை இருமியது. பாய் இழுபட்டது. யாரோ யாரிடமோ, "கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க," என்றார்கள்.

நினைவுப் பொத்தான்களை விட்டாள். விரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். பொலிஸ். ஒன்று. ஒன்று. ஒன்பது.

மணி இல்லை. மழை இல்லை.

"அக்கா."

"துஷ்! எங்கடி இருக்க? வீட்ட விட்டு ஓடு!"

"ஓடியாந்துட்டேன்க்கா. இங்க நனையல."

"யார் வீட்டுல? துஷ், யார் வீட்டுல?"

கதவு மூடும் சத்தம். பிறகு மூச்சுகள் மட்டும். எண்ணினாள். எண்ணக்கூடாதென்று நினைத்தும் எண்ணினாள். பன்னிரண்டு.

ஜன்னலுக்கு வெளியே, ஓடைக்கு அப்பால், தேயிலை நிரைகள் நின்றபடியே கீழே நகர்ந்தன.

ஏழு வீடுகளும் நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குப் புதைந்தன. இராணுவத்தினர் மூன்று நாள் தோண்டினார்கள். துஷ்யந்தி அங்கே இல்லை. நான்காம் நாள், நிரோஷா காலில் விழுந்து கேட்டதால், பழைய லயத்தின் மேல் ஆறு வருடமாக வளர்ந்திருந்த மானாப்புல்லை வெட்டித் தோண்டினார்கள். பன்னிரண்டு அடி ஆழத்தில் ஓர் அறை அகப்பட்டது. சுவரோரமாக உட்கார்ந்த நிலையில் பதினொரு எலும்புக்கூடுகளும், அவற்றுக்கு நடுவில் துஷ்யந்தியும் இருந்தார்கள். அவளுடைய உடை காய்ந்திருந்தது.