பூங்காவில் கட்டிய தொட்டில்

வரிசையாக வைத்திருந்த சிமெண்ட் முட்டைகளில் ஒன்று மட்டும் நனைந்திருந்தது. அரியலூர்ப் பக்கம் மழை பெய்து மாதக்கணக்காகிறது. பூங்காவின் வேப்பிலைகூட சுண்ணாம்புத் தூசி படிந்து வெளுத்துக் கிடந்தது. பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுப்பதற்காக, ஓடு உடைந்தது போல வாய் திறந்து செய்திருந்த முட்டை அது. பகலெல்லாம் வெயிலில் வெந்த அதன்மேல் அம்பிகா உள்ளங்கையை வைத்தாள். மண்பானை போலச் சில்லிட்டது.

மேலே, மூன்று மாடி உயரத்தில், தாய் டைனோசர் கழுத்தை வளைத்துக் குனிந்து நின்றது. கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பள்ளத்தின் ஓரத்தில் பூங்கா போட்டவர்கள், பிள்ளைகள் வேடிக்கை பார்க்கத்தான் அதைக் கட்டினார்கள். பெண்கள் அதைச் சாமியாக்கிவிட்டார்கள். இத்தனை முட்டையைக் காப்பவள் நமக்கும் ஒன்று தரமாட்டாளா என்று யாரோ ஒருத்தி தொட்டில் கட்டப்போய், இப்போது கம்பிவேலி முழுக்க மஞ்சள் துணித் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல், அந்தி வெளிச்சத்தில் அசையாமல் தொங்கின.

"பல்லிக்குப் போயி தொட்டிலா?" என்றான் புருஷன் கலையரசன். "வூட்டுச் செவுத்துல இருக்கறதுக்கே கட்டியிருந்தா செந்துறையிலேருந்து வந்த பெட்ரோலாச்சும் மிச்சம்."

அவளைச் சிரிக்கவைக்கத்தான் பேசினான். கார்த்திகையில் பிறந்த ஆண்பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. அன்றிலிருந்து அம்பிகா அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. மூத்தவள், நாலு வயசுத் தென்றல், மடியில் ஏறினால் யார் வீட்டுப் பிள்ளையையோ போல இறக்கிவிட்டாள். எதுவும் உறைக்கவில்லை. தென்றல்மேல் இருந்த பாசமும் பிள்ளையைப் புதைத்த குழிக்குள்ளேயே போய்விட்டதோ என்கிற பயம் மட்டும் எங்கோ ஆழத்தில் இருந்தது.

வாசலில் பூ விற்கும் வேணி கூடையோடு வந்து பார்த்தாள்.

"புதுத்துணிதானே கண்ணு? பொழங்குன துணி ஆவாது. இனிமே வரப்போறதக் கேக்கத்தான் தொட்டில். போனதக் கூப்புடறதுக்கு இல்ல."

அம்பிகா தலையாட்டினாள். அவள் பையிலிருந்து எடுத்தது, ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சுற்றித் தந்த துணி. துவைக்காமல் வைத்திருந்தாள். வேணி அந்தப் பக்கம் போனதும் அதைத் தொட்டிலாக முடிந்து கல்லை வைத்தாள்.

"பாப்பாவப் பாத்துக்க. வண்டிய எடுத்துட்டு வரேன்," என்று கலையரசன் வாசலுக்குப் போனான்.

தென்றல் அதற்குள் நனைந்த முட்டைக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, இதுக்குள்ள யாரோ மூச்சு உடுறாங்க."

"எறங்கி வா." குரலில் கோபமில்லை. எதுவுமே இல்லை.

விளக்கு இன்னும் போடவில்லை. ரோட்டில் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த சிமெண்ட் லாரிகளின் சத்தம், கதவைச் சாத்தியது போல நின்றது. டெட்டாலும் ரத்தமும் புளித்த பாலும் கலந்த பிரசவ வார்டு வாசம் பள்ளத்திலிருந்து மெல்ல ஏறி வந்தது. மற்ற தொட்டில்கள் எதுவும் அசையவில்லை. அவள் கட்டியது மட்டும் ஆடியது. பழகிய கை ஆட்டுவது போல, நிதானமாக. பிறகு கனம் ஏறித் தொய்ந்தது. பிறகு சட்டென்று லேசானது.

சின்னக் கை ஒன்று அவள் விரலைப் பிடித்தது.

ஈரம். சொரசொரப்பு.

"அம்மா."

குரல் பக்கத்திலிருந்து வரவில்லை. முட்டைக்குள்ளிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தாள். முட்டையின் திறந்த வாயைக் காணோம். முழு முட்டை. உள்ளே கைகள் தட்டின.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. தூக்கும்மா."

தென்றல்.

விரலைப் பிடித்துப் பக்கத்தில் நின்ற அதுவும் தென்றலின் கவுனைத்தான் போட்டிருந்தது. தென்றலின் முகம்தான். அது இரண்டு கையையும் நீட்டியது.

போ. முட்டையை உடை. கத்து.

கால் நகரவில்லை. கை நகர்ந்தது. அதைத் தூக்கினாள். கல்லின் கனம்.

மார்பு கட்டியது. ரவிக்கை நனைந்தது. பால். மரத்துக் கிடந்த நெஞ்சு இத்தனை மாதத்தில் முதல்முறையாக வலித்தது. ஆசையில் வலித்தது.

வாசலில் ஹாரன் அடித்தது. "இருட்டுதுல்ல? ரெண்டு பேரும் வாங்க!"

"இந்தா வரோம்," என்றாள் அம்பிகா. முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. முந்தானைக்குள், நாலு வயசு முகம் துழாவித் துழாவி அவள் மார்பைக் கவ்வியது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. பிறந்த குழந்தையின் ஈறு.