சனிக்கிழமைச் சங்கு

காலிதீன் ஹாஜியாரின் அரிசி மில்லில் பகல் சங்கு ஊதியதும், இன்பாஸ் தன் ஹாட்வெயார் கடையைப் பாதி சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தார். சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குந்திய பிறகுதான் சோறு இன்னும் கொதித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மனைவி நாச்சியா சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். சங்கு அரை மணித்தியாலம் முந்திவிட்டது. போன சனிக்கிழமையும் இதே கதைதான், அதற்கு முந்திய சனிக்கிழமையும் இதே கதைதான்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியாரின் ஒரே மகள் றுமைஸா வாசலில் வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"மாமி, வாப்பா கலியாணத்த நிப்பாட்டப் போறாராம்," என்றாள்.

நாச்சியா கல்முனை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய்யை இரண்டு மொழியில் கேட்டுப் பழகிய காது அவருடையது. நகை காணாமற்போனாலும் ஆடு காணாமற்போனாலும் தெருவில் உள்ளவர்கள் முதலில் வருவது அவரிடம்தான். துப்புத் துலக்குவது அவர். பரபரப்பு முழுக்க இன்பாஸின் பொறுப்பு.

றுமைஸா அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள். மில்லில் கணக்குப் பார்க்கும் கந்தோரில் ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது. ஹாஜியார் ஜித்தாவில் உழைத்த காலத்தில் வாங்கி, கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது. தொண்ணூற்றெட்டாம் ஆண்டின் இயங்குதளத்தோடு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. பகல் சோற்று நேரத்துக்குக் கூரை ஒலிபெருக்கியில் சங்கு ஊதுவதும் அதன் வேலை. அவளுக்கு நிச்சயித்திருந்த ஹிஷாம் கம்பியூட்டர் படிப்பிக்கிறவன். இதை மாற்றிப் புதிதாக ஒன்று எடுப்போம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டான். ஹாஜியாருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

பிறகு ஹாஜியாருக்கே ஓர் ஆசை வந்தது. அந்தக் கம்பியூட்டரில் இன்டர்நெட் வழியாக ஜித்தா வானொலி கேட்க வேண்டும். பழைய இயங்குதளத்துக்கு அது ஏலாது. அடுத்து வந்த இயங்குதளத்தின் சீடி இறுவட்டை இரண்டாயிரத்து இரண்டிலேயே வாங்கி, உறை பிரிக்காமல் அலுமாரியில் வைத்திருந்தார். அதையே ஏற்ற வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஹிஷாமும் அப்படியே ஏற்றி, இன்டர்நெட் வயரையும் இழுத்துக் கொடுத்தான்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. வாரம் முழுக்கச் சரியாக ஓடும் கம்பியூட்டரின் மணி, சனிக்கிழமை மட்டும் முந்தி நிற்கும். சங்கு ஊதித் தொழிலாளர்கள் சோற்றுக்குப் போன பிறகு ஹாஜியார் கண்டுபிடித்துக் கையால் திருத்துவார். வீரமுனையிலிருந்து நெல் கொண்டுவருகிறவர்கள்கூட ஹாஜியாரின் மணியைப் பற்றிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கந்தோர்ப் பூட்டுக்குத் திறப்பு ஒன்றே ஒன்று, அது அவருடைய இடுப்பு வாரில் கிடக்கிறது. ஆகவே ஹிஷாம்தான் வீட்டிலிருந்தபடி வயர் வழியாகக் கைவைத்து, மெசினைக் குப்பையில் போட வழி பார்க்கிறான் என்பது அவர் தீர்ப்பு. முதல் சனியிலிருந்தே அவனைக் கந்தோர்ப் படி மிதிக்க விடவில்லை.

இன்பாஸால் இருக்க முடியவில்லை. யாரோ கள்ளத் திறப்பு வெட்டியிருக்கிறான் என்றார். தன் கடையில் அப்படி ஒருவரும் வெட்டவில்லை, ஆகவே சாய்ந்தமருதுப் பக்கம் விசாரிக்க வேண்டும் என்று மோட்டார் சைக்கிளைத் தேடினார். முதலில் சோற்றைத் தின்னும்படி நாச்சியா அவரை உட்கார்த்தினார்.

"ஒவ்வொரு முறையும் அரை மணித்தியாலம்தானா, புள்ள? கூடக் குறைய இல்லையா?"

"ஓம் மாமி. அச்சொட்டா அரை."

"வெள்ளிக்கிழமை வாப்பா என்ன செய்வார்?"

வெள்ளி மில் பூட்டு. ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் ஹாஜியார் தனியே கந்தோருக்குப் போவார். வயரைச் செருகி, வானொலியைப் போட்டுவிட்டுக் கதிரையிலேயே உறங்குவார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழும்பி வயரைக் கழற்றிவிடுவார். மற்ற நாட்களில் அந்த வயரை ஒருவரும் தொட ஏலாது.

நாச்சியா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "அழாத. கள்ளன் ஆரெண்டு தெரிஞ்சிட்டுது," என்றார். இன்பாஸ் எவ்வளவு கெஞ்சியும் பெயரைச் சொல்லவில்லை.

அஸருக்குப் பிறகு எல்லாரும் கந்தோரில் கூடினார்கள். ஹிஷாம் வாசற்படிக்கு வெளியே தலை குனிந்து நின்றான். ஹாஜியார் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கம்பியூட்டர் மஞ்சள் பூத்துப்போய், தூசி படாமல் மேசை நடுவில் இருந்தது. பகலில் திருத்திய மணி சரியாக ஓடுவதை நாச்சியா எல்லாருக்கும் காட்டினார். பிறகு ஹாஜியாரையே வயரைச் செருகச் சொன்னார். நேரத்தை இன்டர்நெட்டோடு ஒத்துப் பார்க்கும் பொத்தான் எது என்று ஹிஷாம் வாயால் சொல்ல, ஹாஜியாரே அதை அமத்தினார்.

எல்லாருடைய கண் முன்னாலும் மணி அரை மணித்தியாலம் முன்னே பாய்ந்தது.

"ஒரு காலம் நம்மட நாட்டில மணிக்கூட்ட முன்னுக்குத் தள்ளி வெச்சிருந்தாங்க, ஞாபகமா காக்கா?" என்று ஹாஜியாரைக் கேட்டார் நாச்சியா. "கோட்டில ஒவ்வொரு சாட்சிக்காரரிட்டயும் நான் கேப்பன், பழைய நேரமா, புது நேரமா எண்டு. ரெண்டுக்கும் இடையில இருந்தது இந்த அரை மணித்தியாலம்தான். ரெண்டாயிரத்து ஆறில நாடு பழைய நேரத்துக்குத் திரும்பிட்டுது. உங்கட இறுவட்டு அதுக்கு முந்தினது."

இன்டர்நெட் உலக நேரத்தைத்தான் கொடுக்கும். அதோடு இலங்கைக்கு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதை மெசின் தன் கணக்கில் கூட்டிக்கொள்ளும் என்று விளக்கினார். பழைய இயங்குதளம் யாரிடமும் நேரம் கேட்டதில்லை, அதனால் தப்பிக்கொண்டது. இது வயர் கிடைக்கும் வெள்ளிதோறும் தானாகக் கேட்டு, இன்னமும் புது நேரத்தில் கூட்டுகிறது.

"ஆள் கைவெச்சா ஒருக்கா பத்து நிமிசம், ஒருக்கா ஒரு மணித்தியாலமெண்டு மாறும். அச்சொட்டா அரையெண்டா அது ஆள்ர வேல இல்ல. வெள்ளிக்கிழமை வயரச் செருகினவர் ஆரெண்டு நான் செல்லத் தேவையில்ல."

ஹாஜியார் தன் கையையே பார்த்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று இன்பாஸுக்கு வாய்வரை வந்தது. நல்ல காலம், விழுங்கிவிட்டார். மனிதர் கிடந்து தவிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இவ்வளவு நாளும் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஹாஜியார் கேட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு ஹிஷாமோடு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"மாமா திருத்தக்குள்ள கை தவறுதாக்கும் எண்டு நெனச்சன்," என்றான் ஹிஷாம். "நாலு பேருக்கு முன்னால அத எப்படிச் செல்ற?"

றுமைஸா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். ஹாஜியார் நகர்ந்து கதிரையை விட்டார். ஹிஷாம் உள்ளே வந்து உட்கார்ந்து, நம்முடைய நேரத்திலேயே ஓடும் இந்தியாவை நாடுகளின் பட்டியலில் தெரிவு செய்தான். மறுபடி பொத்தானை அமத்தியபோது மணி சரியான இடத்தில் வந்து நின்றது. ஹாஜியார் கம்பியூட்டரின் தலையை ஒருமுறை தடவினார். நாட்டின் நேரம் மாறியதை ஒருவரும் சொல்லாவிட்டால் அதற்கு எப்படித் தெரியும் என்று மெல்ல அதற்காக வாதாடினார்.

வெளியே வந்து கதவைப் பூட்டியதும் இடுப்பு வாரிலிருந்து திறப்பைக் கழற்றி இன்பாஸின் கையில் வைத்தார்.

"இதப்போல இன்னொண்டு வெட்டித் தாங்க தம்பி," என்றார். "மருமகனுக்கு."