நால்வர் தள்ளிய நாற்காலி

ஏழாம் எண் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிய வழியே இல்லாத விளக்கு அது.

ரயில்வே பயிற்சிப் பள்ளியின் மாதிரிக் கூடத்தில், ஓர் ஆள் சுற்றிவர மட்டும் இடம் விட்டு, நீண்ட மேசை ஒன்று கிடந்தது. அதன்மேல் ஒரு ரயில்பாதை முழுவதும் சிறுத்துக் கிடந்தது: இரண்டு நிலையங்கள், ஒரு பாலம், மரத்தூளைப் பசையில் குழைத்து எழுப்பிய கரைகள், மேசையை வளைய வந்து புறப்பட்ட இடத்திலேயே சேர்ந்துகொள்ளும் தண்டவாளம். சுவரில் பன்னிரண்டு விளக்குகள் கொண்ட பலகை இருந்தது. பாதையின் எந்தப் பகுதியில் வண்டி நிற்கிறதோ அந்தப் பகுதியின் விளக்கு சிவக்கும். ரயில் இரண்டாம் பகுதியில் நின்றது. இரண்டாம் விளக்கு சிவந்திருந்தது. அது முறை. ஏழாம் பகுதியில், வளைவு தொடங்கும் இடத்தில், டிராலி மட்டுமே நின்றது.

தீப்பெட்டி அளவு மரமேடை. நான்கு சக்கரங்கள். முன்னோக்கிய நாற்காலியில் விரற்கணு உயரத்தில் ஓர் அதிகாரி. அவர் முதுகுக்குப் பின்னால் நட்ட அகன்ற குடை. குடைக்கும் பின்னால், தலை குனிந்து தள்ளும் நான்கு பேர்.

டிராலியைச் சிக்னல் அறியாது. அறியாதபடிதான் அதைச் செய்கிறார்கள். தண்டவாளத்தைச் சோதிக்கப் போகும் அந்தச் சிறு வண்டிக்காக ஒவ்வொரு முறையும் சிக்னல் சிவந்தால் ரயில்கள் நின்றுபோகும் அல்லவா? ரயில் நிற்கக் கூடாது. அதற்காக ஐந்து மனிதர்கள் பாதையில் இல்லாதவர்களாக இருக்க வேண்டும். இந்த விதியை எழுதியவர்களில் ஒருவர்கூட டிராலி தள்ளியவர் அல்லர். மாதிரி டிராலிக்கும் அதே விதியைப் பின்பற்றிப் பிளாஸ்டிக் சக்கரங்கள் பூட்டியிருந்தார்கள். மின்சாரம் அதன் வழியே போகாது. போகாத மின்சாரத்தில் விளக்கு எரிந்தது.

இருபத்திரண்டு ஆண்டுகள் டிராலி நாற்காலியில் அமர்ந்த பொறியாளர் அந்த விளக்கைப் பார்த்தபடியே, இது ஏன் எரிகிறது என்று கேட்டார்.

கூடத்தின் காப்பாளரைப் பள்ளி முழுவதும் 'பொம்மை வாத்தியார்' என்றே அழைக்கும். மேசைமேல் உள்ள அத்தனையும் அவர் கைவேலை. அவர் டிராலியைத் தூக்கினார், விளக்கு அணைந்தது. வைத்தார், எரிந்தது. சக்கரத்தை நகத்தால் சுண்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக் சார். இதுல கரண்டு போகணும்னா, என் மாமியாருக்கு என்மேல பாசம் வரணும். ரெண்டும் நடக்கிற காரியம் இல்ல."

சொல்லிவிட்டுச் சுவரிலிருந்த மின்கம்பியைப் பிடுங்கினார். பன்னிரண்டு விளக்குகளுக்கும் உயிர் கொடுக்கும் ஒரே கம்பி அது. இரண்டாம் விளக்கு அணைந்தது. ஏழாம் விளக்கு அணையவில்லை. காப்பாளர் கம்பியைக் கீழே போட்டார். எதிர்க்கட்டடத்திலிருந்து சிக்னல் பிரிவு ஆளைக் கூட்டிவருவதாகச் சொல்லி, தேவைக்கு மிஞ்சிய வேகத்தில் வெளியேறினார்.

பிற்பகல் இரண்டரை மணி. நான்கு மணிக்கு, நடந்ததை மாதிரியில் பார்க்க விசாரணைக் குழு வரும். விடுமுறை நாள் ஆதலால் கட்டடம் ஓய்ந்திருந்தது. மூடிய சன்னல்களின் இடுக்கில் வெயில் கோடு கோடாக விழுந்து, சூடேறிய வார்னிஷின் வாசனையைக் கிளப்பியது. வெளியே, தாழ்வாரத்தின் மரப்பெஞ்சில் ஒரே ஒருத்தி அமர்ந்திருந்தாள். அரைக்கதவின் கீழே அவள் பாதங்கள் தெரிந்தன. டிராலி தள்ளுகிறவர்களுக்குத் தலைவரான மேஸ்திரியின் மனைவி. ரயில் மோதி டிராலி தள்ளிய நால்வரும் செத்த நாள் முதல், இரண்டு மாதங்களாக, விதவை.

குழு முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வளைவில் ரயில் வந்தபோது, முன்னே பார்த்து அமர்ந்திருந்த பொறியாளர் நிறுத்தச் சொன்னாரா, இல்லையா? டிராலியில் கண் ஒருவருக்கு, கால் நால்வருக்கு. குடை மறைத்த முன்பாதையைப் பின்னால் தள்ளுகிறவர்கள் பார்க்க முடியாது. அவர் சொன்னால் நிற்பார்கள், வண்டியைத் தூக்கிக் கீழே போடுவார்கள், பிழைப்பார்கள். அவர் சொல்லியும் மேஸ்திரி கேட்காமல் போனாரென்றால், மற்ற மூவரையும் கொன்ற குடிகாரன் என்று செத்தவன் பெயரில் எழுதப்படும். அவள் இருக்கும் அரசுக் குடியிருப்பு பறிபோகும். அந்த மூன்று வீட்டாரும் அவளோடு பேச்சை இப்போதே நிறுத்திவிட்டார்கள். அவர் சொல்லவில்லையென்றால், பறிபோவது அவருடைய நாற்காலி, பிறகு சிறை.

பொறியாளர் தம் வாக்குமூலத்தை மூன்றாம் நாளே எழுதிக் கொடுத்திருந்தார். அழகான நடை. ஓர் அடித்தல் திருத்தல் இல்லை.

மேசையின் முன் நின்று, தொண்டையைச் செருமி, அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். வளைவுக்கு முந்நூறு அடி முன்பே ரயிலைக் கண்டதை. மேஸ்திரியின் மூச்சில் காலையிலிருந்தே சாராய நாற்றம் இருந்ததை. மூன்று முறை கத்தியதை. கடைசி நொடியில்தான் தாம் குதித்ததை.

"ஐயா."

கதவுக்கு அப்பாலிருந்து வந்த குரல். பாதங்கள் அசையவில்லை.

"மூணு தடவை கத்தினேன்னு சொன்னீங்களே. என்ன சொல்லிக் கத்தினீங்கன்னு காதுல கேக்கல."

ஒட்டுக்கேட்பது தவறு என்று அவர் சொன்னார். பிறகு, அவளுக்காக அல்ல, குழுவுக்கு இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதற்காக, அந்த இடத்தை மட்டும் மறுபடி சொன்னார்.

"இப்பவும் கேக்கல, ஐயா."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் அதட்டியிருப்பார். இல்லை. கடையில் சில்லறை குறைந்ததைச் சொல்வது போன்ற குரல்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் அந்தச் சொல்லைத் தனியே சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது. நாக்கு எழுந்து மேலண்ணத்தைத் தொட்டது. நெஞ்சிலிருந்து காற்று புறப்பட்டது. ஒலி வரவில்லை. தம் பெயரைச் சொன்னார், வந்தது. அன்றைய தேதியைச் சொன்னார், கூடம் எதிரொலித்தது. தண்டவாளம், பாலம், குடை எல்லாம் வந்தன. 'நிறுத்து' மட்டும், தொண்டையில் யாரோ விரல் வைத்து அடைத்ததுபோல, உள்ளேயே நின்றது.

நின்ற இடத்தில் வியர்த்தது. வார்னிஷ் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை ஊறத் தொடங்கியிருந்தது. உச்சிவெயிலில் காய்ந்த இரும்பு, கட்டைகளில் ஊறிய எண்ணெய், அந்த இரண்டுக்கும் மேலே, அகன்ற குடையின் நிழலில் அமர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் மூக்கைச் சுளித்துக்கொண்டே அவர் சுவாசித்த, நால்வருடைய உழைப்பின் நெடி. கூடவே ஓர் ஓசை. மேசைப் பலகையின் உள்ளிருந்து வருவதுபோலவும், சுவருக்கு அப்பால் வெகுதொலைவிலிருந்து வருவதுபோலவும் சன்னமாக. தப், தப், தப், தப். தண்டவாளத்தின் மேல் வெறுங்கால் ஓடும் ஓசை. அதை வேறெந்த ஓசையோடும் அவர் குழப்பிக்கொள்ள முடியாது; அந்தத் தாளத்தில்தான் அவர் எத்தனையோ மதியங்கள் கண்ணயர்ந்திருக்கிறார்.

டிராலியைப் பார்த்தார். காப்பாளர் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

மேசை சாய்ந்திருக்கலாம் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். சாய்வு எதிர்ப்பக்கம் இருந்தது.

ஆனாலும் ஒத்திகை நிற்கக் கூடாது. எப்படிக் குதித்தார் என்பதைக் குழுவுக்குக் காட்ட வேண்டும். விரலிடுக்கில் அந்த விரற்கணு அதிகாரியைப் பற்றி, நாற்காலியிலிருந்து மெல்லக் கழற்றினார்.

டிராலி ஓடியது.

யாரும் தொடவில்லை. அது ஓடியது; வேகமெடுத்தது. அன்றும் இப்படித்தான். வளைவில் ரயிலின் முகத்தைக் கண்டவர், ஒரு சொல்லும் சொல்லாமல், செருப்பின் ஓசைகூடக் கேட்காமல், பக்கவாட்டில் குதித்தார். சரிவில் புரண்டு, தலையைத் தூக்கிப் பார்த்தார். நாற்காலி காலியானதைக் குடை மறைத்திருந்தது. வண்டி இலேசானதை மட்டும் நால்வரும் கைகளில் உணர்ந்தார்கள். இறக்கம் வந்துவிட்டது, பாரம் குறைந்தது என்று மகிழ்ந்து, ஒருவன் ஏதோ வேடிக்கை சொல்லிச் சிரிக்க, முன்னினும் விரைந்து தள்ளினார்கள். காலி நாற்காலியை. ஒன்பது எட்டுகள். சரிவில் கிடந்தபடி அவர் ஒவ்வொரு காலடியாக எண்ணினார். ஒன்பது எட்டுகளுக்கு நேரம் இருந்தது. ஒரு சொல்லுக்கு நேரம் இருந்தது.

சொல்லியிருந்தால், ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்டிருப்பார்கள். கண்ணயர்ந்திருந்தது வெளிப்பட்டிருக்கும். அதற்காக.

தப் தப் தப் தப்.

டிராலி மேசையைச் சுற்றி வந்தது. அவர் கையை நீட்டித் தண்டவாளத்தை மறித்தார். தீப்பெட்டி அளவு மரம் விரல்களில் மோதியது. நான்கு ஆண்களின் பலம் மோதியது. நடுவிரலின் நகம் கறுத்து எழும்பியது. கையை இழுத்துக்கொண்டார். அது கடந்து போயிற்று.

மின்சாரம் இல்லாத பாதையில் ரயிலும் புறப்பட்டது.

வாயைத் திறந்தார். வரவில்லை. மறுபடி. வரவில்லை.

தாழ்வாரத்தில் காலணிகளின் ஓசை கேட்டது. கதவு திறந்தது. கதவைப் பார்த்துவிட்டு அவர் மேசைப்பக்கம் திரும்பியபோது, டிராலி ஏழாம் பகுதியில் அடக்கமாக நின்றது. ரயில் இரண்டாம் பகுதியில் நின்றது. நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதாகக் குழுத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். நல்ல மனிதர்; எல்லாருக்கும் நல்லவர். இரண்டு உறுப்பினர்கள், தாள்கட்டுடன் ஓர் எழுத்தர், எல்லாருக்கும் பின்னால் எவர் முகத்தையும் பாராமல் காப்பாளர். பெஞ்சில் இருந்தவளை அவர்கள் கடந்து வந்தார்கள். யாரும் நிற்கவில்லை.

பொறியாளர் தொடங்கினார். முந்நூறு அடி. சாராய நாற்றம். சொற்கள் ஒழுங்காக வந்தன. மூன்று முறை கத்தினேன் என்றார். எப்படி என்று தலைவர் கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'சொல்லவில்லை' என்று சொல்ல நாக்குக்குத் தடையேதும் இருந்திருக்காது. அவர் அதை அறிந்திருந்தார். அறிந்தே, அந்தச் சொல்லுக்காக வாயைத் திறந்தார். முழு பலத்தோடும் திறந்தார். கழுத்து நரம்புகள் புடைத்தன. கண்கள் பிதுங்கின. தாடை இறங்கியது, இன்னும் இறங்கியது. காதருகே எலும்பு சொடுக்கியது. கூடத்தில் ஈ பறக்கும் ஓசை கேட்டது.

"போதும், போதும்," என்று தலைவர் அவர் தோளைத் தொட்டார். "புரியுது. நீங்க பட்ட பாடு இப்பதான் எங்களுக்குப் புரியுது."

எழுத்தர் எழுதினார். தலைகீழாகவே அதைப் பொறியாளரால் படிக்க முடிந்தது: 'மூன்று முறை உரக்க எச்சரித்ததை நேரில் செய்து காட்டினார்.'

வாய் மூடவில்லை.

மூட முயன்றார். கையால் தாடையை உயர்த்தினார். அசையவில்லை. கைக்குட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து, அவரைத் தனியே விடுவதே நாகரிகம் என்று, எல்லாரும் ஓசையின்றி வெளியேறினார்கள். தாழ்வாரத்தில் தலைவரின் குரல் தணிந்து எதையோ யாருக்கோ அறிவித்தது.

பிறகு அவள் உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தாள். குனிந்து தள்ளும் நால்வரில் முதலாமவனை ஒரு விரலால் தொட்டாள்.

"நீங்க சொன்னதா எழுதிட்டாங்களாம், ஐயா. அவர் குடிக்கிறவர் இல்ல. உங்க குடைக்குப் பின்னால அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பார். சாவுன்னு சொல்லியிருந்தாலும் ஏன்னு கேட்டிருக்க மாட்டார்."

கைக்குட்டைக்குள் அவர் வாய் திறந்தே இருந்தது. அவள் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெறுங்கால்களின் ஓசை தொடங்கியது.

டிராலி புறப்பட்டது. ரயில் புறப்பட்டது. ஓடிவிட நினைத்தார், கால்கள் கேட்கவில்லை. கைக்குட்டை நழுவி விழுந்தது. வளைவில், ரயிலின் சிறு முகம் தெரியும் அந்த இடத்தில், அவருக்கு நேர் எதிரே, டிராலியைத் தள்ளியவர்கள் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார்கள். நான்கு பேரும். பொம்மை வாத்தியார் அவர்களுக்கு முகம் வரைந்திருக்கவே இல்லை. இப்போது முகங்கள் இருந்தன. அந்த முகங்களில் வஞ்சம் இல்லை. பணிவு இருந்தது. ரயிலை நோக்காமல், அவர்கள் அவருடைய திறந்த வாயை நோக்கினார்கள். ஓடிக்கொண்டே நோக்கினார்கள். இன்னமும் அவர் உத்தரவுக்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்பது எட்டுகள்.

ரயில் அவர்கள்மேல் ஏறியது. உடைந்த மரத்தின் ஓசை அல்ல, அன்று கேட்ட ஓசை.

மேசையின் மறுகோடியில் டிராலி மீண்டும் புறப்பட்டது. தலை குனிந்து, நால்வர். வளைவுக்கு வந்தார்கள். நிமிர்ந்தார்கள். பார்த்தார்கள். மூட முடியாத வாயின் ஓரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கித் தண்டவாளத்தில் சொட்டியது. அதை மிதித்துக்கொண்டு அவர்கள் ஓடி வந்தார்கள்.