முட்டுக்கொடுத்த எட்டு பைட்டுகள்

இயந்திரம் ஒரு மூச்சு விட்ட பிறகு, சன்னமாக, இன்னொரு அரை மூச்சும் கேட்டது.

சமையலறையில் காபி வடிகட்டிக்கொண்டிருந்த ஜுசாராவின் கை அப்படியே நின்றது. வெளியே ரியோவின் கோடை மழை பட்டப்பகலை இருட்டாக்கி, சாக்கடை வாடையை மூன்றாம் மாடிவரை ஏற்றிவிட்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் நீர் சொட்டும் ஓசைக்கும், கீழே பாதி முங்கிய கார்களின் ஓயாத அலறலுக்கும் நடுவே, அப்பாவின் அறையிலிருந்து அது மறுபடி வந்தது. மோட்டார் சத்தம் இல்லாத மூச்சு. ஈரமாக இருந்தது.

அப்பா ஒட்டாசீலியோவுக்குத் தசையெல்லாம் செயலிழந்து வருடங்களாகிவிட்டன. இமை மட்டும் அசையும். ஒருமுறை மூடித் திறந்தால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. அவருக்கு மூச்சு கொடுக்கும் இயந்திரத்தில் ஓடுவது ஜுசாராவின் குழு உருவாக்கிய நிரல்மொழியை இயக்கும் ரன்டைம் மென்பொருள். அதைப் புதுச் செயலிச் சில்லுக்கு மாற்றியதை முதலில் அவருக்கே பொருத்தட்டுமா என்று கேட்டபோது, கண்ணில் பெருமை பொங்க ஒருமுறை இமைத்தவர் அவர்.

அந்தச் செயலிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒரு நிரல் இன்னொன்றை அழைக்கும்போது, தற்காலிகச் சாமான்களை அடுக்கிவைக்கும் ஸ்டாக்கின் உயரம் பதினாறு பைட்டின் மடங்காக இருந்தே தீரவேண்டும். இல்லையென்றால் அங்கேயே படுத்துவிடும். இவர்களுடையது எட்டு பைட் இடித்தது. அதிகப்படியான எட்டை வைப்பது யார் என்று தேடுவதற்குள் கார்னிவல் திருவிழா வந்துவிட்டது, அலுவலகமே மேளம் அடிக்கக் கிளம்பிவிட்டது. ஆடுகிற மேசைக்கு அட்டை மடித்து வைப்பதுபோல, ஜுசாரா இன்னும் எட்டுக் காலி பைட்டுகளை முட்டுக்கொடுத்து, பூஜ்யத்தால் நிரப்பி அனுப்பிவிட்டாள். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான்.

இப்போது மடிக்கணினியை இயந்திரத்தில் செருகிப் பார்த்தாள். பூஜ்யங்களைக் காணோம். அங்கே ஒரு முகவரி இருந்தது. அழைக்கப்பட்ட நிரல் வேலை முடிந்து திரும்பிப் போகவேண்டிய முகவரி. அப்படியொரு இடமே அந்த இயந்திரத்தில் கிடையாது.

கூட வேலை பார்க்கும் எவான்ட்ரோவைப் போனில் கூப்பிட்டாள்.

"முட்டுக்கொடுத்த எடத்துல யாரோ எழுதியிருக்காங்கடா."

"கார்னிவல் போதை இன்னும் எறங்கலியா தாயே உனக்கு?"

திரையைப் படம்பிடித்து அனுப்பினாள். அவன் சிரிப்பு நின்றது.

"ஒவ்வொரு மூச்சுக்கும் ஏதோ ஒண்ணு உள்ள வருது, ஜுசாரா. ஒண்ணுகூட திரும்பிப் போகல."

"பழைய வெர்ஷனையே ஏத்திடறேன்."

"மெஷின நிறுத்தாம எப்படி ஏத்துவ? ஆம்புலன்ஸ் வரட்டும்."

"தெருவே கடலாக் கெடக்கு. எதுல வரும், தோணியிலயா?"

தொடர்பு அறுந்தது. அவள் போட்ட முட்டுதான் இது. நிறுத்தினால் அப்பா செத்துப்போவாரோ என்று பயம். நிறுத்தாவிட்டால் என்ன ஆவார் என்று அதைவிடப் பயம்.

கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ரப்பர் பையை எடுத்தாள். அப்பாவின் தொண்டைக் குழாயிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் அடங்கியது.

பையை அமுக்கக் கை போனது. அதற்குள் அப்பாவின் நெஞ்சு உயர்ந்தது.

தானாக.

"அப்பா?" அவர் முகத்தருகே குனிந்தாள். "நீங்களா மூச்சு விடறீங்க?"

இமை மூடித் திறந்தது. மறுபடியும் மூடித் திறந்தது.

இல்லை.

நெஞ்சு இன்னும் உயர்ந்தது. இறங்கவில்லை. அதன்மேல் இன்னொரு மூச்சு. அதன்மேல் இன்னொன்று. சட்டைப் பொத்தான் தெறித்து எங்கோ விழுந்தது.

"உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ஒருமுறை இமைத்தார்.

அவள் கையிலிருந்த பை, அவள் அமுக்காமலே, உள்ளிழுபட்டுச் சப்பையானது. விரல்களும் அதோடு ஒட்டிக்கொண்டன. இழுத்தாள். வரவில்லை. அப்பா அவளைப் பார்த்தபடியே இமைத்தார், இருமுறை, மறுபடி இருமுறை, மறுபடி. நெஞ்சு உயர்ந்துகொண்டே இருந்தது.